வெள்ளை ஷூ: கறையைப் பார்த்து மருந்து

வெள்ளை ஷூவைப் பாழாக்கும் வேலை பெரும்பாலும் குளியலறையில்தான் நடக்கிறது. சேறு பட்டதும் பக்கெட்டில் சோப்புத்தூளை அள்ளிக் கரைத்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் பிளீச்சிங் பவுடரும் ஒரு கை தூவித் தேய்த்து, மொட்டை மாடி வெயிலில் காயவைப்பார்கள். சாயங்காலம் எடுக்கும்போது சேறு இருக்காது; ஷூவும் வெள்ளையாக இருக்காது. ஷூவில் என்ன தெரிகிறது, அது எதனால் வந்தது, சமையலறையிலும் மருந்துக் கடையிலும் கிடைப்பதை வைத்து அதற்கு என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு கறையைப் போக்கும் சரக்கு இன்னொரு கறையை நிரந்தரமாக்கிவிடும். அதனால் உங்கள் ஷூவில் இருப்பது எது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டுக் கையை நனையுங்கள்.

கையில் இருப்பது எந்த ஷூ?

மேல்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் பருத்திக் கேன்வாஸ், பள்ளிக்கூடத்து பி.டி. ஷூ இந்த வகை. சோப்பு, வினிகர், பெராக்சைடு எல்லாவற்றையும் தாங்கும். சல்லடைபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தால் மெஷ். அது பாலியெஸ்டர் நூல். அழுக்கு நூலில் ஏறாது, கண்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சொட்டு முத்தாக உருண்டு நின்றால் ரெக்சின், அதாவது துணிமேல் பாலியூரித்தேன் பூசியது. கடையில் ‘லெதர் ஸ்னீக்கர்’ என்று மலிவு விலையில் தருவது அநேகமாக இதுதான். துடைக்கலாம், ஊறவைக்கக் கூடாது. சொட்டு மெதுவாக உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால் நிஜத் தோல், ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெல்வெட்போல் மொசுமொசுவென்று இருக்கும் சூயீடுக்குத் தண்ணீரே ஆகாது. பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரும் காய்ந்த பிரஷும் போதும்.

எல்லாக் கறைக்கும் முந்திய கழுவல்

நாடாவையும் உள்ளே இருக்கும் இன்சோலையும் கழற்றிவிடுங்கள். ஒட்டிய இன்சோலைப் பிய்க்க வேண்டாம். காய்ந்த பிரஷால் மண்ணைத் தட்டி எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் கை பொறுக்கும் இளஞ்சூட்டில் இருக்கட்டும். கொதிநீர் சோலைப் பிடித்திருக்கும் பசையை இளக்கிவிடும். முதலில் சோல், பிறகு மேல்பாகம், கடைசியில் நாக்கு. சோலைத் தேய்த்த பிரஷை அலசாமல் மேல்பாகத்துக்குக் கொண்டுபோனால் கறுப்புச் சாறு துணியில் ஏறும். தனியாக ஒரு பழைய டூத்பிரஷ் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லையே இல்லை. சோப்புத்தூளை இந்த வேலைக்குத் தவிர்ப்பது நல்லது. அதில் சலவை சோடா தாராளமாக இருக்கும். சட்டையைப் போல ஷூவைப் பிழிந்து அலச முடியாது என்பதால், அந்தக் காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரானது) தையலுக்குள்ளேயே தங்கிவிடும்.

அலசியது போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முன்புறத் துணியும் சோலும் சேரும் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். வெளியே வரும் நீரில் சின்னச் சின்ன நுரைமுட்டை தெரிந்தால் சோப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. முட்டை வருவது நிற்கும் வரை அலச வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டு முறையோடு விட்டுவிடுவார்கள். கேன்வாஸுக்கு நாலைந்து முறை தேவைப்படும்.

காயவைக்கும்போது உள்ளே வெள்ளைத் துணியோ அச்சில்லாத காகிதமோ திணித்து, குதிகால் கீழே இருக்கும்படி சுவரில் சாய்த்து, நிழலில் மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். செய்தித்தாள் திணித்தால் மை உள்துணியில் ஒட்டும். முழுக்கக் காய ஒரு நாள் முதல் இரண்டு நாள் பிடிக்கும். தொட்டால் காய்ந்தமாதிரி இருந்தாலும் விரல்நுனிப் பக்கம் உள்ளே ஈரம் இருக்கும். அங்கே கைவிட்டுப் பாருங்கள்.

துவைத்துக் காய்ந்ததும் மஞ்சள் பூத்துவிட்டது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். மஞ்சள் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சோலை ஒட்டிய ஓரம், நாடாத் துளைகளைச் சுற்றி, தையல் கோடுகள், முன் மூக்கின் விளிம்பு என்று கோடு கோடாக இருந்தால் அது உள்ளிருந்து வந்தது. ஷூ காயும்போது உள் அட்டை, பசை, பல அடுக்குத் துணி இவற்றில் தேங்கிய நீர் வெளியே நகர்ந்து, எந்த இடத்தில் ஆவியாகிறதோ அந்த இடத்தில், தான் கரைத்துக் கொண்டுவந்த எல்லாவற்றையும் இறக்கிவைக்கிறது. சோப்பின் மிச்சம், பழைய அழுக்கு, பசையின் நிறம் எல்லாம் அதில் அடக்கம். மேலே காரமும் வெயிலும் சேர்ந்தால் மஞ்சள் இன்னும் அழுத்தமாகும்.

இதற்கு வைத்தியம் இரண்டு பகுதி. முதலில் காரத்தை முறிக்க வேண்டும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, ஷூவை முழுக்க நனைத்துப் பத்து முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். வினிகர் வாசனை காயும்போது போய்விடும். பழுப்பு நிற வினிகரோ ஆப்பிள் வினிகரோ வேண்டாம், அதன் நிறமே கறையாகும்.

இரண்டாவது, ஆவியாகும் இடத்தைத் துணியிலிருந்து காகிதத்துக்கு மாற்றுவது. அலசிய ஷூ ஈரமாக இருக்கும்போதே, அச்சும் வாசனையும் இல்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரை இரண்டு மூன்று அடுக்காக மேல்பாகம் முழுக்கப் போர்த்துங்கள். ஈரக் கையால் தடவித் தடவி, அடியில் காற்றுக்குமிழ் இல்லாமல் துணியோடு ஒட்டவையுங்கள். எங்கே இடைவெளி விடுகிறீர்களோ அங்கே மஞ்சள் துணியிலேயே தங்கும். நிழலில் முழுக்கக் காய்ந்தபின் உரித்தால், ஷூவில் வர வேண்டிய மஞ்சள் கோடு அப்படியே காகிதத்தில் அச்சுப்போல் இருக்கும். மூக்கின் விளிம்பும் நாடாத் துளைகளும் வரைபடம்போல் தெரியும். ஒரு தடவையில் குறைந்து, மீதி இருந்தால் திரும்ப நனைத்துத் திரும்பப் போர்த்தலாம்.

கோடாக இல்லாமல் ஷூ முழுக்க ஒரே சீராக மஞ்சளாகிவிட்டால், பிளீச் போட்டீர்களா என்று யோசியுங்கள். குளோரின் பிளீச் பருத்தியை வெளுக்கும். ஆனால் நைலான், எலாஸ்டிக், உள்ளே இருக்கும் ஃபோம் இவற்றை மஞ்சளாக்கும். துணி பளிச்சென்று தெரிவதற்காக ஆலையில் ஏற்றிய ஒளிர்பூச்சையும் தின்றுவிடும். அந்த மஞ்சள் திரும்பாது.

பிளீச் பட்ட ஷூவை மஞ்சள் போகட்டும் என்று வினிகரில் போடுவது ஆபத்து. பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் ஆசிட் எல்லாமே இந்தக் கணக்கில் அமிலம்தான். கதவு சாத்திய குளியலறையில் அது மூச்சைப் பிடித்துவிடும். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவமும் பிளீச்சோடு சேரக் கூடாது. பிளீச் போட்டாயிற்று என்றால் தண்ணீரில் மட்டும் பலமுறை அலசி, அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து பொங்கவைத்துப் பூசும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்து, மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். இரண்டுமே தனித்தனியாக வேலை செய்யும். சோடாவைக் குழைத்துப் பூசித் தேய்த்து அலசுங்கள். பிறகு வினிகர்த் தண்ணீரைத் தனியாகக் காட்டுங்கள்.

சாம்பார் சிந்தியது, சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிட்டது

பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பாகிறதே, அதேதான் ஷூவில் நடந்திருக்கிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், காரம் போனால் மஞ்சளுக்குத் திரும்பும். சிவப்பைப் பார்த்துப் புதுக் கறை என்று நினைத்து மேலும் மேலும் சோப்பைப் போட்டுத் தேய்ப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. தேய்க்கத் தேய்க்க அது நூலுக்குள் போகும்.

குழம்பில் எண்ணெயும் இருக்கிறது, அதனால் வரிசை முக்கியம். கெட்டியாக இருப்பதைக் கரண்டி விளிம்பால் சுரண்டி எடுங்கள். கறைமேல் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, விரலால் மெதுவாகப் பரப்பி ஐந்து நிமிடம் விடுங்கள். சிவக்கும், சிவக்கட்டும். அலசிவிட்டு வினிகர்த் தண்ணீரால் ஒற்றினால் மஞ்சளாகும். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, அடியில் வெள்ளைத் துணி வைத்து மேலிருந்து ஒற்றுங்கள். குர்குமின் ஸ்பிரிட்டில் கரைந்து அடித்துணிக்கு இறங்கும். துணியை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் இறங்கியது திரும்ப ஏறும். ரெக்சினில் ஸ்பிரிட் பூச்சையே மங்கவைக்கக்கூடும். நாக்கின் உள்பக்கம் ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் தொடுங்கள்.

கடைசியாக மிஞ்சும் வெளிர் மஞ்சளுக்கு வெயிலே மருந்து. ஒளி பட்டால் குர்குமின் சிதையும். வெள்ளை ஷூவை வெயிலில் போடாதே என்ற விதிக்கு இது விலக்கு. ஆனால் சோப்பு துளிகூட இல்லாமல் அலசிய பிறகுதான். கறை பட்ட இடத்தை ஈரமாக வைத்து, மீதியை வெள்ளைத் துணியால் மூடி, காலை ஏழு மணிக்கு மேல் பத்துக்குள் இருக்கும் வெயிலில் காட்டுங்கள். உச்சி வெயில் பசைக்கு ஆகாது. இரண்டு மூன்று காலையில் மறைந்துவிடும்.

செம்மண் ஏறிவிட்டது

ஈரமாக இருக்கும்போது தொடக் கூடாது. செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலின் நிறமும் இதுவே. துகள் மிக மெல்லியது, ஈரத்தோடு தேய்த்தால் சாயம்போல் நூலிடுக்கில் இறங்கும். முழுக்கக் காயவிட்டு, இரண்டு ஷூவின் அடிப்பாகத்தையும் ஒன்றோடொன்று தட்டி, காய்ந்த பிரஷால் ஒரே திசையில் வாருங்கள். கரிசல் மண்ணுக்கு இவ்வளவுகூட வேண்டாம். காய்ந்தால் சுருங்கித் தானே வெடிக்கும். பாளம் பாளமாகக் கையால் எடுத்துவிடலாம்.

பிறகு வழக்கமான கழுவல். அதன்பின்னும் இளம் ஆரஞ்சுச் சாயல் இருந்தால், மளிகைக் கடை சிட்ரிக் ஆசிட் ஒரு டீஸ்பூனை அரை டம்ளர், அதாவது சுமார் 100 மில்லி வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, அந்த இடத்தில் பூசி இருபது நிமிடம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமிலம் துணியிலேயே காய்ந்தால் செறிவு கூடிப் பருத்தி நூல் இற்றுப்போகும். அலசி, தேவையானால் மறுபடியும். செம்மண் பழையதாக இருந்தால் குறையும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. பிளீச் இங்கே உதவாததோடு கெடுதலும் செய்யும். இரும்புக் கறையை இன்னும் அழுத்தமாக்கும்.

நாடாத் துளையைச் சுற்றிப் பழுப்புப் புள்ளி

உலோக வளையம் துருப்பிடித்திருக்கிறது. எலுமிச்சைச் சாறும் தூள் உப்பும் குழைத்து வளையத்தைச் சுற்றி வைத்து, பதினைந்து நிமிடத்தில் டூத்பிரஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். காய்ந்ததும் வளையத்தின்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் மறுபடி துருவேறாது. இரண்டு பக்கமும் பூசுங்கள். துரு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

புள்ளியாக இல்லாமல் ஷூ முழுக்கப் பழுப்புத் தட்டினால் சந்தேகப்பட வேண்டியது போர் தண்ணீரை. பக்கெட்டில் ஒரு ராத்திரி வைத்து, அடியில் செம்பழுப்பு வண்டல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்தத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, எத்தனை முறை அலசினாலும் அத்தனை முறை கறை ஏறும். வெள்ளையாக, தொட்டால் மாவுபோல் உதிரும் படலம் என்றால் அது கடினநீரின் உப்போ, அலசாத ஆப்பசோடாவோ. இரண்டுக்கும் வினிகர்த் தண்ணீர் சரி. எப்படியிருந்தாலும் கடைசி அலசலை மட்டும் குடிதண்ணீரிலோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரிலோ செய்யுங்கள். இரண்டு லிட்டர் போதும்.

எண்ணெய், செயின் கிரீஸ்

தண்ணீர் படுவதற்கு முன்னால் எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும். முகப்பவுடர், சோளமாவு, மைதா எது கையில் இருக்கிறதோ அதைக் கறைமேல் மேடாகக் கொட்டி, குறைந்தது அரைமணி, முடிந்தால் ராத்திரி முழுக்க விடுங்கள். மாவு கட்டியாகி நிறம் மாறினால் எண்ணெய் ஏறிவிட்டது. தட்டிவிட்டு, லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் நேரே இரண்டு சொட்டு விட்டு டூத்பிரஷால் சுழற்றித் தேய்த்து அலசுங்கள்.

பைக், சைக்கிள் செயின் கிரீஸ் வேறு விஷயம். அதில் உலோகத் தூளும் சேர்ந்திருப்பதால்தான் அந்தக் கறுப்பு. கேன்வாஸில் பட்டால் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று, விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். எண்ணெயை எண்ணெய் இளக்கும். பிறகு லிக்விடால் இரண்டையும் சேர்த்து வெளியேற்றுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் ஷூப்பக்கம் கொண்டுவராதீர்கள். கிரீஸ் போகும், கூடவே ரப்பர் உப்பிப் பசையும் கரைந்து சோல் கையோடு வரும்.

சட்டென்று முடிகிற சில

புல் கறைக்கு ஸ்பிரிட்டோ சானிடைசரோ பஞ்சில் தொட்டு ஒற்றி, பிறகு சோப்பு. பால்பாயின்ட் பேனாவுக்கும் அதேதான், கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். நடுவில் ஆரம்பித்தால் நீல வட்டம் பெரிதாகும். ஜெல் பேனா நிறமித்துகள் என்பதால் மங்கும், மறையாது. ஷூ கடித்துக் குதிகாலில் பட்ட ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீரும் உப்பும் மட்டும். வெந்நீர் பட்டால் ரத்தத்தின் புரதம் வெந்து நூலோடு பிடித்துக்கொள்ளும். டீக் கறைக்குக் கட்டிச் சோப்பைத் தேய்க்காமல் முதலில் வினிகர்த் தண்ணீர், பிறகு லிக்விட். புது ஜீன்ஸின் நீலம் ரெக்சினில் ஏறினால் அன்றைக்கே சானிடைசரால் துடையுங்கள், வாரம் கடந்தால் அது பூச்சுக்குள் இறங்கிவிடும்.

மெஷ் வெளுக்காமல் சாம்பலாகவே நிற்கிறதா? வெளியிலிருந்து தேய்ப்பதால் அழுக்கு உள்ளே போகிறது. ஒரு கையை ஷூவுக்குள் விட்டு வெள்ளைத் துணியால் அடியில் தாங்கிக்கொண்டு, மென்மையான பிரஷால் நுரையை மட்டும் தொட்டுத் தட்டித் தட்டித் தேயுங்கள். பிறகு குழாயை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் திருப்பி அலசுங்கள். மெஷ்ஷில் டூத்பேஸ்ட் போடவே கூடாது. கண்களில் அடைத்துக் காய்ந்து சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும்.

சோல் ஓரம் மட்டும் அசிங்கமாக இருக்கிறது

கறுப்புக் கீறல்கள் என்றால் வேலை சுலபம். வெள்ளை அழிரப்பர் முதலில்; போகாததற்கு வெள்ளை டூத்பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. ஜெல் வேண்டாம், கரி கலந்த கறுப்புப் பேஸ்ட்டும் சிவப்புப் பல்பொடியும் நிச்சயம் வேண்டாம். பேஸ்ட்டில் இருக்கும் மெல்லிய அரைபொடிதான் கீறலைச் சுரண்டுகிறது. ரப்பர் அதைத் தாங்கும். மேலே ரெக்சினில் பட்டால் பளபளப்புப் போய் அந்த இடம் மட்டும் மந்தமாகத் தெரியும்.

சோலே மஞ்சளாகிவிட்டதென்றால், ஒரு விரல் அகலத்துக்குப் பேஸ்ட்டால் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பட்டை வெளுத்தால் அது அழுக்கு. வெளுக்காவிட்டால் ரப்பரே ஆக்சிஜனும் புற ஊதாக் கதிரும் பட்டு நிறம் மாறியிருக்கிறது, தேய்த்துப் பயனில்லை. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் 20 வால்யூம் என்று கிடைப்பது 6 சதவீதம். சோலுக்கு அப்படியே, துணிக்குச் சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கிப் பயன்படுத்துங்கள். லேபிளைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். கையுறை போட்டு, டிஷ்யூ பேப்பர்ப் பட்டையை அதில் நனைத்துச் சோல் ஓரத்தில் சுற்றி, மேலே சமையலறை பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, காலை வெயிலில் ஒரு மணிநேரம் வையுங்கள். மேல்பாகத்தைத் துணியால் மூடிவிடுங்கள். நிற லோகோ இருந்தால் அதன்மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. மூன்று நாலு முறை செய்தால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வரும், கடைப் புதுசு மாதிரி வராது. சில மாதத்தில் மஞ்சள் திரும்புவதும் உண்டு. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்து மூடிவைக்காதீர்கள். கண்ணையும் தோலையும் அரிக்கும் பெரசிட்டிக் அமிலம் அதில் உண்டாகும்.

நாற்றமும் கரும்புள்ளியும்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். நாற்றம் மட்டும் என்றால் ஒரு ஷூவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆப்பசோடாவைப் பழைய சாக்ஸில் முடிந்து உள்ளே போட்டு ராத்திரி வையுங்கள். நேரே கொட்டினால் மூலையில் தங்கிய சோடா, வியர்வை பட்டதும் பாதத்தை எரிக்கும். இன்சோலைத் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயவையுங்கள், நாற்றத்தின் இருப்பிடம் அதுதான். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். பாக்டீரியா குளிரில் தூங்கும், வெளியே வந்ததும் எழுந்துகொள்ளும்.

கரும்புள்ளி பூஞ்சை. வீட்டுக்குள் தட்டாதீர்கள், வெளியே கொண்டுபோய் முகத்தில் துணி கட்டிக்கொண்டு காய்ந்த பிரஷால் தட்டுங்கள். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து பூசி அரைமணி கழித்து அலசுங்கள். அதற்கும் அசையாத புள்ளிக்கு, அலசி முடித்த பிறகு தனியாக 3 சதவீதப் பெராக்சைடு. பூஞ்சை நூலையே தின்றிருந்தால் அந்தக் கறுப்பு நிறம் போகாது.

நீலம் திட்டுத் திட்டாகப் பிடித்துவிட்டது

சொட்டு நீலத்தை ஷூமேல் நேரே விட்டிருப்பீர்கள், அல்லது கலக்காத தண்ணீரில் முக்கியிருப்பீர்கள். நீலம் அழுக்கை எடுப்பதில்லை, மஞ்சளைக் கண்ணுக்குத் தெரியாமல் ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். அரை பக்கெட் தண்ணீருக்கு மூன்று சொட்டு, நன்றாகக் கலக்கி, ஏற்கனவே நனைந்திருக்கும் ஷூவை முக்கி உடனே எடுக்க வேண்டும். காய்ந்த ஷூவை முக்கினால் முதலில் தொட்ட இடம் அதிகம் குடித்துவிடும். திட்டு விழுந்துவிட்டால் காயவிடாமல் இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் கேன்வாஸை இருபது நிமிடம் வைத்து அலசுங்கள். இரண்டு மூன்று முறையில் வெளிறும். மெஷ்ஷுக்கு நீலம் போடுவது வீண், பாலியெஸ்டர் அதைப் பிடிக்காது.

சோல் வாய் பிளந்தது, ரெக்சின் உரிகிறது

வாய் பிளப்பது ஊறவைத்ததால், வெந்நீரால், வாஷிங் மெஷினில் சுழற்றியதால், அல்லது உச்சி வெயிலால். இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டுச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டி, ஓரத்தில் ஒரு தையலும் போடச் சொல்லுங்கள். ஈரத்தோடு கொண்டுபோனால் எந்தப் பசையும் நிற்காது. ரெக்சின் செதில் செதிலாக உரிந்தால் பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்தால் சிதைந்துவிட்டது என்று பொருள். கடலோர ஊர்களில், பெட்டியிலேயே போடாமல் வைத்த ஷூவுக்குக்கூட இது வரும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

பள்ளிக்கூட ஷூவில் வெள்ளைப் பாலிஷ் வெடித்துப் பாளமாக வருகிறது

பழைய பாலிஷ்மேல் புதுப் பாலிஷ், அதன்மேல் இன்னொன்று என்று வாராவாரம் ஏற்றியதன் பலன். பாலிஷ் என்பது பசையில் கலந்த வெள்ளை நிறமி. தடிமன் கூடினால் நடக்கும்போது மடியும் இடத்தில் வெடிக்கும். அழுக்கை மூடி அடித்திருந்தால் மழை பட்டதும் சாம்பல் நிறத்தில் ஒழுகும். ஷூவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து, பிரஷால் பழைய அடுக்கு முழுவதையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் பால்போல் ஆகும். தெளியும் வரை மாற்றுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் புதுப் பாலிஷ். ஈரத்தின்மேல் அடித்தால் அடியில் அடைபட்ட நீர் மஞ்சள் கோடாக வெளியே வரும். ஸ்பாஞ்சைக் குறுக்கே ஒருமுறை, நெடுக ஒருமுறை என்று மெல்லிசாக இழுங்கள். திங்கட்கிழமை பி.டி. பீரியட் என்றால் துவைக்கிற வேலையைச் சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிடுங்கள், பாலிஷை ஞாயிறு சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோய்த் திங்கள் காலையில்தான் ஞாபகம் வந்ததென்றால் காய்ந்த ஷூவில் ஒரு வெள்ளைச் சாக்பீஸ் தேய்த்து அனுப்புங்கள், அன்றைக்கு அது போதும்.